வீட்டுக்கு ஆடி

“திருவரங்குளம் வந்தா எழுப்பிவிடுங்க, தலை பின்னணும்” என்று சொல்லிவிட்டு செல்வராணி என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஐந்து பத்துக்குக் கறம்பக்குடியில் எடுக்கிற முதல் பஸ். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். தலைக்குக் குளித்திருந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். ஆலங்குடி வருவதற்கு முன்பே மூச்சு சீராகிவிட்டது.

திருவரங்குளம் வந்தது. கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. நான் எழுப்பவில்லை. நான்கு மணிக்கு எழுந்தவள், இன்னும் பத்து நிமிடம் தூங்கட்டும், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பின்னிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அவள் தலையை என் கையால் தாங்கிக்கொண்டேன்.

புதுக்கோட்டையில் எல்லோரும் இறங்கிய பிறகு எழுப்பினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, வலி தெரிந்திருக்காது, எங்கே இருந்தாலும் இது நடந்திருக்கும் என்றார் டாக்டர். அன்று ஆடி இருபத்தேழு. நாங்கள் கிறிஸ்தவர்கள். தமிழ் மாதத் தேதியைப் பார்த்து எதையும் செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த ஒரு மாதம் மட்டும் பார்த்தோம். அது ஏன் என்று எழுதிவைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருச்சி பாலக்கரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். பெயர் செபமாலை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், எது வந்தாலும் பிழை தேடுவது என் வேலை. செல்வராணி அதே ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். குடியிருந்தது கறம்பக்குடியில், என் அண்ணன் அடைக்கலத்தின் வீட்டு மாடியில். அண்ணன் வாடகை வாங்கவில்லை. அதற்குப் பதில் நாளைக்கு ஐந்தரை மணி நேரம் பஸ்ஸுக்குக் கொடுத்தோம். கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை, அங்கே மாறித் திருச்சி, பிறகு அதே வழியில் திரும்புதல். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச்சு, சண்டை, சமாதானம், எலுமிச்சம் சாதம் எல்லாம் பஸ்ஸில்தான்.

“பதினோரு வருசத்துல வீட்டுல இருந்தத விட கவர்மெண்டு பஸ்ஸுலதான் ஒங்களோட அதிகம் குடும்பம் நடத்திருக்கேன். கண்டக்டரையும் ரேஷன் கார்டுல சேத்துருவமா?” என்பாள்.

தூக்கம் போதாதவர்களுக்கு ஊர்கள் வரிசையாக வருவதில்லை. கண்ணை மூடினால் ஆலங்குடி, திறந்தால் மாத்தூர், நடுவில் எங்கோ ஒரு குளம், அதில் நிற்கிற ஒரு கொக்கு. அது நேற்றுப் பார்த்த கொக்கா, இன்றையதா என்று தெரியாது. அப்படி அரைத் தூக்கத்தில் வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு சித்திரை மாதத்தில் செல்வராணி ஒரு நோயாளியிடம் ரத்தம் எடுத்து, டியூபில் அவர் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரை எழுதி ஒட்டிவிட்டாள். மெஷினில் வைக்கப் போகிற நேரத்தில் அவளே பார்த்துவிட்டாள். அன்று பஸ்ஸில் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

“வீடு பாப்போங்க” என்றாள்.

திருச்சியில் இரண்டு ஞாயிறு சுற்றினோம். ஒருவர் சம்பளம் அப்படியே வாடகைக்குப் போய்விடும் போலிருந்தது. அதனால் திருச்சியைச் சுற்றிப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் தேட ஆரம்பித்தோம். அவள் ஒரே ஒரு சட்டம் போட்டாள்: திருச்சிக்கு ஒரே வண்டியில் போக வேண்டும், இறங்கி மாறுகிற வேலை இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவோம். மாத்தூரில் கருவேல மரங்களை வெட்டிய இடத்தில் புது வீடுகள் முளைத்திருந்தன. பெயின்ட் வாசனை போகவில்லை, வாடகையோ திருச்சியை எட்டிப் பிடித்திருந்தது. விராலிமலையில் ஒரு மாடி வீட்டின் கைப்பிடிச் சுவரில் மயில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் தொகையைச் சொன்னதும் இவள் என் காதருகே வந்து, “மயிலுக்கும் சேத்துக் கேக்குறாருங்க” என்றாள். இலுப்பூரில் பெரிய வீடு, குறைந்த வாடகை. பஸ்தான் நினைத்தபோது வரும்.

வீடு பிடிக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பாள். “இங்கிட்டு கட்டிலு. அங்கிட்டு ஒங்க புத்தக அலமாரி. இந்த ஜன்னல்ல சாயங்காலம் வெயில் விழும், நீங்க கண்ணக் கெடுத்துக்காம அங்க ஒக்காந்து படிக்கலாம்.” அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் அந்த வீட்டில் வாழ்ந்துவிடுவோம். விராலிமலையில் மயில் அகவலில் விழித்துக்கொண்டு எட்டரை வரை காபி குடித்தோம். இலுப்பூரில் அவள் மாடியில் வற்றல் காயப்போட்டாள், மழை வந்தது, இருவரும் ஓடிப்போய் அள்ளினோம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, நெடுநாள் இருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு வருவது போலிருக்கும்.

திரும்பும்போது அந்த வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்வாள். லேபில் ஒட்டுகிற வெள்ளை டேப்பைக் கிழித்து ஒட்டி, ஊர் பெயரும் தேதியும் எழுதுவாள். சாயங்காலம் அந்தத் தண்ணீரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு வேகும். எங்கள் பக்கத்துத் தண்ணீர் பல இடத்தில் கடினம், பருப்பு கல்லாகவே கிடக்கும்.

“ஒங்க லேபுலயே குடுத்து டெஸ்ட் பண்ணலாம்ல?” என்று கேட்டேன்.

“மெஷினு நம்பரு சொல்லும். அந்தத் தண்ணியக் குடிச்சு நாம இருக்க முடியுமாங்குறத பருப்புதான் சொல்லும்.”

அண்ணன் சாப்பிட உட்காரும்போதே, “என்னம்மா, இன்னைக்கு எந்த ஊரு சாம்பாரு?” என்று கேட்பார். மாத்தூர் சாம்பாரும் இலுப்பூர் சாம்பாரும் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடின.

கீரனூர் கடைசியாக வந்தது. ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற சந்தனம் என்பவர் கூட்டிப்போனார். “ஸ்டேஷனுக்கு நடக்குற தூரந்தாம்மா” என்றார்.

“யாரு நடக்குற தூரம்ணே? நீங்களா, நானா?”

“நீங்க நடந்தா பத்து நிமிசம். நான் நடந்தா வழியில நாலு பேரு கடன் கேப்பான், அரை மணி ஆகும்.”

மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. சிவப்பு சிமெண்ட் தரை. கிழக்கு ஜன்னலில் தண்டவாளம் தெரிந்தது. தெற்கே எட்டிப் பார்த்தால் நார்த்தாமலைக் குன்றுகள், மேகம் தரையில் இறங்கிப் படுத்தது போல. கீழ்வீட்டில் வீட்டுக்காரர் விசாலி ஆச்சி. திருமயம் பக்கத்துச் செட்டியார் குடும்பம். கணவர் கீரனூரில் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயராகி, வீடு கட்டி, காலமானவர். பிள்ளைகள் சென்னையில். ஆச்சி தனியாக இருந்தார்கள்.

செல்வராணி கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ரயில் போயிற்று. தரை லேசாக அதிர்ந்து அடங்கியது. “போதுங்க” என்றாள். அன்றைக்கே சரி சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, அடுத்த ஞாயிறு வந்து சொல்வதாக ஆச்சியிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் கீரனூர்ப் பருப்பு மூன்றே விசிலில் பூவாக மலர்ந்துவிட்டது. அண்ணன் இரண்டாம் முறை சாம்பார் கேட்டார்.

அடுத்த ஞாயிறு அட்வான்ஸோடு போனோம். ஆச்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டு வந்தார்கள்.

“ஆவணி ஒண்ணாந்தேதி வெள்ளிக்கிழமை. அன்னைக்கே வந்து பால் காச்சிருங்க.”

“ஆவணியா? நாங்க இந்த வாரமே வரலாம்னு இருந்தோம் ஆச்சி” என்றாள் செல்வராணி.

“ஆடி பொறந்து ஏழு நாளாச்சேம்மா. போன ஞாயிறு ஆனி கடைசி. அன்னைக்கே சொல்லிருந்தீங்கன்னா பாலக் காச்சி வச்சிட்டுப் போயிருக்கலாம், சாமான் எப்ப வேணா வந்திருக்கலாம். ஏன் சொல்லலை?”

“பருப்பு வேகணும்ல ஆச்சி.”

விஷயத்தைக் கேட்டு ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “பருப்புக்காகவா ஒரு மாசத்த விட்டே?”

“நாங்க வேதக்காரங்க ஆச்சி. எங்களுக்கு ஆடியெல்லாம் கெடையாது.”

“ஒங்களுக்கு இல்லைம்மா, சரி. வீட்டுக்கு இருக்குல்ல?”

செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வையில் இருந்தது. கொஞ்சம் கெஞ்சிக் கேட்டிருந்தால் ஆச்சி இறங்கி வந்திருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. வீட்டுக்கு ஆடி. எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்கள் என்று அதிலேயே மயங்கி நின்றேன்.

“சரிங்க ஆச்சி. ஒரு மாசந்தானே” என்றேன்.

பஸ்ஸில் அவள் வெகுநேரம் சிரித்துக்கொண்டு வந்தாள். “வீட்டுக்கு ஆடின்னா அதுக்கு மாமியா வீட்டுச் சீரெல்லாம் உண்டா?” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். “நீங்க ஒரு வார்த்த அழுத்திச் சொல்லிருக்கலாம்.”

“பெரியவங்க நம்பிக்கை ராணி. நமக்கு என்ன போகுது?”

“நமக்கு ஒரு மாசத் தூக்கம் போகுது.”

அந்த ஆடி முழுக்க அச்சகத்தில் ஆடிப்பூரம், ஆடிப்பெருக்கு, அம்மன் கோயில் கூழ் வார்ப்பு நோட்டீஸ்கள்தான். நாளைக்கு ஐம்பது தடவை அந்த இரண்டெழுத்தை வாசித்தேன். வெளியே காற்று. பஸ் ஜன்னலை இழுத்துச் சாத்தினாலும் புழுதி உள்ளே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கீரனூர் வீட்டில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருப்பாள். “பச்சையா, நீலமா?” என்று தூக்கத்திலிருந்தே கேட்பாள். நான் நீலம் என்பேன். “அப்ப பச்சை” என்பாள்.

புதன்கிழமைகளில் அவளுக்கு மதியம் ஒரு மணியோடு டூட்டி முடிந்தது. முன்னாடியே புதுக்கோட்டை போய் சிநேகிதி சத்யபிரியா வீட்டில் இருந்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னோடு சேர்ந்துகொள்வாள். அந்த நாட்களில் முகம் தெளிவாக இருக்கும். “சத்யபிரியா வீட்டுல நல்ல காத்துங்க” என்பாள். மூன்று புதன்கிழமைகள் அப்படிப் போயின. நான்காவது புதன்கிழமை அவளுக்கு வரவில்லை.

அவளைக் கறம்பக்குடியிலேயே அடக்கம் செய்தோம். பதினைந்து நாள் கழித்து வேலைக்குக் கிளம்பினேன். ஐந்து பத்து பஸ்ஸில் ஏற முடியவில்லை. படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூர் சுற்றிப் போனேன். அது இன்னும் தூரம், வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கே போய்ச் சேரவில்லை. அண்ணன் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வேலைய விட்டுர்றா. இங்கிட்டே ஜெராக்ஸ் கடை ஒண்ணு போட்டுக்கலாம். ஒத்தையாளுக்குக் கீரனூர்ல எதுக்கு வீடு? அட்வான்ஸ வாங்கிட்டு வந்துரு.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குள் ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாசந்தானே என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அந்த நேரத்தில் அந்த பஸ்ஸில் இருந்திருக்க மாட்டாள். எங்கே இருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் கால் நீட்டிப் படுத்த இடத்தில் நடந்திருக்கும். இருபது நாளாவது நன்றாகத் தூங்கிய பிறகு நடந்திருக்கும். அவள் கேட்டதே அந்தத் தூக்கத்தைத்தான். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் கீரனூர் போனேன். அந்த வீட்டை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆச்சியிடம் சொல்ல ஒரு வாக்கியமும் வைத்திருந்தேன். மெய்ப்புப் பார்ப்பது போல வழியெல்லாம் அதைத் திருத்திக்கொண்டே போனேன். நீங்கள் அன்று சரி என்று சொல்லியிருந்தால் அவள் அந்த பஸ்ஸில் வந்திருக்க மாட்டாள். அவ்வளவுதான் வாக்கியம்.

ஆச்சி கதவைத் திறந்தவுடன் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தனம் மூலம் தெரிந்திருந்தது.

“நான் அன்னைக்கு சரின்னு சொல்லிருந்தா அந்தப் புள்ள அந்த பஸ்ஸுல வந்திருக்காதே தம்பி” என்றார்கள்.

நான் வைத்திருந்த வாக்கியமே அவர்கள் வாயிலிருந்து வந்துவிட்டது.

“ஒரு மாசந்தானேன்னு சொன்னது நான் ஆச்சி.”

ஆச்சி உள்ளே போய் அட்வான்ஸ் கவரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்கள். வைத்த கையை எடுக்காமல் சொன்னார்கள்.

“நாலு தடவைதான் பாத்திருக்கேன். நெஞ்ச விட்டுப் போகமாட்டேங்குது.”

“நாலு தடவையா? ரெண்டு ஞாயிறுதானே வந்தோம்?”

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு விரல் விட்டு எண்ணினார்கள். “இல்ல, அஞ்சு. புதன்கிழமை மூணு தடவ வந்துச்சுல்ல?”

“எந்தப் புதன்கிழமை?”

“ஒங்களுக்குத் தெரியாதா!” ஆச்சி என் எதிரில் உட்கார்ந்துகொண்டார்கள். “மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், திருச்சி பஸ்ஸுல வந்து எறங்குச்சு. ஆச்சி, பால் காச்ச மாட்டேன், அடுப்பையே தொட மாட்டேன், மாடியில ரெண்டு மணி நேரம் படுத்துக்கிறட்டான்னு கேட்டுச்சு. குடிவரத்தான் கூடாது, படுக்கக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு? சாவியத் தந்தேன். பாய் வேணுமா ஆத்தான்னு கேட்டேன். வேணாம், தரை குளுந்திருக்குன்னுச்சு. அஞ்சரைக்கு நான் போய்த்தான் எழுப்பினேன். புள்ளைக்கு எங்க இருக்கோம்னே தெரியல, அப்படித் தூங்கியிருக்கு. அடுத்த புதன், அதுக்கடுத்த புதனும் அப்படித்தான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நானும் கேட்டேன். அவரு முதுகு வலிக்க பஸ்ஸுல ஒக்காந்து வாராரு, நான் மட்டும் காலை நீட்டிப் படுத்தேன்னு எப்படிச் சொல்றது ஆச்சி, ஆவணிக்கு மேல சொல்லிக்கிறேன்னுச்சு.”

நான் சாவியைக் கேட்டேன். மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே, மேற்கே தலை வைத்துப் படுப்பாள் என்று ஆச்சி சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் படுத்தேன். தரை உண்மையிலேயே குளிர்ந்திருந்தது. கண்ணை மூடியதும் வழக்கம்போல ஊர்கள் வரவில்லை. குளமும் கொக்கும் வரவில்லை. ஓர் ஓரத்தில் ஏதோ பச்சையாக அசைந்தது, காற்றாக இருக்கும். ரயில் வந்தது. சத்தத்துக்கு முன்னால் அதிர்வு வந்து முதுகைத் தொட்டுவிட்டுப் போனது. மூன்று புதன்கிழமைகள் இதே அதிர்வு அவள் முதுகைத் தொட்டிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குமேல் நினைவில்லை.

விழித்தபோது ஆச்சி வாசலில் டீயோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் நான் தூங்கிய முதல் தூக்கம் அது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“புரட்டாசி என்னைக்குப் பொறக்குது ஆச்சி?”

“வர்ற திங்கக்கிழமை.”

“அப்ப அதுக்குள்ள ஒரு நாள் வந்து பால் காச்சலாமா? துக்கக்காரன் காச்சலாமான்னு தெரியல. நீங்கதான் சொல்லணும்.”

ஆச்சி டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“பாலெல்லாம் புதுசா குடிவர்றவங்களுக்குத் தம்பி. இங்க அந்தப் புள்ள முன்னாடியே வந்து இருந்துருச்சு. நீங்க பின்னாடி வந்து சேருறீங்க, அம்புட்டுதான். இதுக்கு நாள் பாக்க வேணாம். என்னைக்கு வேணா வாங்க. டீயக் குடிங்க.”

கவர் கீழேயே இருந்தது. ஆச்சி அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம், புரட்டாசி பிறந்த பிறகு, ஒரு வேனில் சாமான் கொண்டுவந்தேன். அண்ணனும் கூட வந்தார், மூட்டை தூக்கினார், ஜன்னலில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தார். “காத்து வருதுடா” என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் ஏழேகாலுக்கு எழுந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு வீட்டில் இருந்தபடி காலை வெயிலைப் பார்த்தேன். ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. கீரனூரிலிருந்து திருச்சிக்கு முக்கால் மணி நேரம்தான் ஆகிறது.